மலையைப் பார்த்த வாசல்

என் அம்மா தங்கம்மாள் ஒரு கோணல் வீட்டோடு பன்னிரண்டு வருஷம் மல்லுக்கட்டினாள். வீட்டைக் கோணலாகக் கட்டியவர் அப்பா. அதைச் சரிசெய்யத் தெரிந்தும் சும்மா இருந்தவன் நான். இத்தனைக்கும் வீட்டுக்கு பிளான் போட்டுத் தருவதுதான் எனக்குத் தொழில். இந்த ஊரில் எத்தனையோ பேர் வீட்டுச் சமையலறைக்கு நான் வழி வரைந்து கொடுத்திருக்கிறேன். ஆகவே சாக்குச் சொல்ல எனக்கு இடமில்லை.

அப்பா சக்கரபாணி, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம்கீப்பர். அவர் விசில் ஊதினால் பஸ் கிளம்பியாக வேண்டும். வீட்டிலும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கார்த்திகை தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நேரத்தில், அவர் மட்டும் பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். வருஷா வருஷம் இதே கதை. சர்வீஸ் ஏறி, தீபத்துக்கு லீவு கிடைக்க ஆரம்பித்தபோது அவர் மனதில் ஒரு ஆசை ஊறிப்போயிருந்தது. சொந்த வீடு கட்டினால் சாமி மாடத்துக்கு எதிரில் உட்கார்ந்தபடியே மலை உச்சி தெரியவேண்டும்.

1973இல் வேங்கிக்காலில் மனை வாங்கினோம். அப்போது அங்கே வீடுகளைவிட முள்செடிதான் ஜாஸ்தி. முப்பதுக்கு அறுபது மனை. தெரு வடக்குப் பக்கம். மலை தெற்கே, கொஞ்சம் மேற்காகச் சாய்ந்து. வேறு யாராவதாக இருந்தால் தெருவைப் பார்த்து வாசல் வைத்துவிட்டு, மலை பார்க்க மொட்டைமாடிக்குப் படி வைத்திருப்பார்கள். அப்பா வீட்டையே திருப்பிவிட்டார். தலைவாசல் தெற்கே, கொல்லைப் பக்கம். வீட்டின் முதுகு தெருவுக்கு.

தருமன் மேஸ்திரி கடைக்கால் தோண்டும்போதே சொன்னார்.

"டைம்கீப்பர் சார், தெக்கு வாசல் வேணாங்க. எமன் தெசைங்க அது."

"அண்ணாமலையாரே தெக்கால குந்திக்கினு இருக்காரு. அவரைத் தாண்டிக்கினு எமன் எப்பிடிய்யா வருவான்? நீ கட்டு."

மேஸ்திரி கட்டினார். தெருவை ஒட்டிச் சமையலறையும் குளியலறையும் வந்தன. அதற்குத் தெற்கே கூடமும் ஒரு அறையும். கூடத்தின் கடைசியில் தலைவாசல், அதற்கு எதிரே கிணறு. தெருவிலிருந்து வருகிறவர்கள் மதிலோரம் இரண்டரை அடிச் சந்தில் நடந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வரவேண்டும். பீரோவைச் சந்தில் நுழைக்க முடியாமல் கயிறு கட்டி மாடி மேலே ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினோம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு ஒன்பது அங்குலச் சுவர். அதில் ஒரு கதவு வைத்திருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்திருக்கும். ஆனால் நூல் பிடித்து மலை உச்சிக்கு நேராக அப்பா சாமி மாடம் வைத்தது அந்தச் சுவரில்தான். ஓரமாகவாவது ஒரு கதவு வைக்கலாமே என்று மேஸ்திரி கேட்டதற்கு, சாமிக்குப் பக்கத்தில் எச்சில் தட்டு போக வழியா என்று கடிந்துகொண்டார். அதனால் சமையலறைக் கதவு சந்தில் திறந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய சோறு அந்தக் கதவு வழியாக வெளியே வந்து, சந்தில் நடந்து, மூலை திரும்பி, கிணற்றைத் தாண்டி, தலைவாசல் வழியாக எங்கள் தட்டுக்கு வரும். கிட்டத்தட்ட நாற்பது அடி. வெயிலானாலும் மழையானாலும் அந்த நாற்பது அடியை நடந்தவள் அம்மா ஒருத்திதான்.

அவள் முதல் மாதம் வாயைத் திறக்கவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு தன் போக்கில் வேலையை ஆரம்பித்தாள். சந்துக்கு மேலே தென்னங்கீற்று வேயச் சொன்னாள். தலைவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல் போட்டு, குழம்புச் சட்டியை வைத்து மூச்சு வாங்க இடம் பண்ணிக்கொண்டாள். ஊறுகாய், உப்பு, தண்ணீர்க் குடம் எல்லாம் கூடத்தில் இன்னொரு ஜோடி வைத்தாள். வந்தவர்களுக்கு வாசல் எங்கே என்று தெரியாததால், தெருவைப் பார்த்த சமையலறை ஜன்னலையே வாசலாக்கிவிட்டாள். தபால்காரர் கடிதத்தை ஜன்னலில் கொடுப்பார். கீரைக்காரி அங்கேயே கூடையை இறக்குவாள். எங்களுக்குத் தெருவில் 'ஜன்னலம்மா வூடு' என்றே பெயர் வந்துவிட்டது. டைம்கீப்பர் வீடு என்று ஒருவரும் சொல்வதில்லை என்று அப்பாவுக்கு உள்ளூர வருத்தம்.

என் தங்கை சரோஜாவைப் பெண் பார்க்க வந்த அன்று பெரிய கூத்து. மாப்பிள்ளையின் அம்மா நல்ல வாட்டசாட்டமான அம்மாள். சந்தில் நேராக வரமுடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்தார். பட்டுப்புடவையில் ஒரு பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு. "வூட்டுக்கு வாசல் வெக்க மறந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, "வெச்சாரும்மா, மலைக்கு வெச்சாரு, மனுசங்களுக்குத்தான் வெக்கல" என்றாள். அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்ததில் சம்பந்தம் அங்கேயே முடிவாகிவிட்டது. அப்பாவுக்கு மட்டும் முகம் கடுகடுவென்று இருந்தது.

அம்மா பண்ணியதில் ஒன்றை மட்டும் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அது ஒரு மணி. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. அதனால் கூடத்து ஜன்னல் மேலே துளை போட்டு, ஒரு கயிற்றைச் சந்துச் சுவரோரமாக விட்டு, சமையலறையில் ஒரு சின்ன வெண்கல மணியைக் கட்டச் சொன்னாள். ஒரு இழுப்பு என்றால் தண்ணீர், இரண்டு இழுப்பு என்றால் காப்பி. நாங்கள் என்னவோ பெரிய அரண்மனை மாதிரி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தோம். கயிறு எங்கள் பக்கம், மணி அவள் பக்கம். அவள் எங்களைக் கூப்பிட அதில் வழியில்லை என்பது ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

தீபத்தன்று அப்பாவைப் பிடிக்க முடியாது. சொந்தக்காரர்கள் முப்பது நாற்பது பேர் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். உச்சியில் தீபம் எரிந்ததும் 'அரோகரா' என்று வீடு அதிரும். அப்பா அத்தனை பேர் முகத்தையும் திரும்பிப் பார்த்துப் பூரித்துப்போவார். அம்மா அந்த நேரத்தில் நாற்பது பேருக்கும் அடை வார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வருஷம் நான், "நீயும் வந்து பாரேன்மா" என்றேன். "சத்தம் கேக்குதில்ல, அது போதும் போ" என்றாள். நானும் போய்விட்டேன்.

1979இல் நான் ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து வந்த பிறகு, அம்மா முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். அவள் எச்சில் தட்டுகளை அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, அந்தச் செவுத்துல ஓரமா ஒரு வழி உட்டா இன்னா? ஒரு ஆளு நொழையற அளவு போதும். முட்டி வலிக்குதுங்க."

"இத்தினி வருசம் பழகிடுச்சில்ல? இப்ப போய் சாமி செவுத்தை இடிக்கச் சொல்றியே" என்றார் அப்பா.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லேன் ராமு. நீதான் படிச்சிருக்கிறியே."

"பண்ணலாம்மா. சரோஜா கல்யாணம் முடியட்டும்" என்றேன். சரோஜா கல்யாணம் முடிந்தது. என் கல்யாணம் வந்தது. கஸ்தூரி இந்த வீட்டுக்கு வந்து, மாமியாரோடு அந்த நாற்பது அடியைப் பங்குபோட்டுக்கொண்டாள். நான் சும்மாதான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் கூடத்தில் அடுப்புப் புகை வராமல், பாத்திரச் சத்தம் கேட்காமல், படம் வரைய எனக்கு வசதியாக இருந்தது. அம்மாவின் முட்டிவலியில் நான் குளிர்காய்ந்தேன் என்றால் அது பொய்யில்லை.

எங்களுக்குத் தெற்கே இருந்த மனையில் அரிசி மண்டி ராமதாஸ் கீழ்த்தளம் கட்டியபோதே நான் பயந்தேன். அதற்கு மேலே மலை தெரிந்ததால் அப்பா நிம்மதியாக இருந்தார். 1984இல் ராமதாஸ் மாடி எடுத்தார். அப்பா ஓடிப்போய்க் கெஞ்சினார்.

"மலை தெரியாம பூடுங்க. எங்க வூட்டை அதுக்குன்னே கட்டியிருக்கறேன்."

"மலை உங்களுக்கு மட்டுமா சார்? நானும் மாடியிலேர்ந்து பாக்கத்தான் கட்டறேன்" என்றார் ராமதாஸ். அந்த வருஷத் தீபத்துக்கு எங்கள் தலைவாசலில் தெரிந்தது, பூசாத செங்கல் சுவர் ஒன்றுதான். சொந்தக்காரர்கள் ஜன்னல் வழியாகவே நலம் விசாரித்துவிட்டு டவுனுக்குப் போய்விட்டார்கள். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்துநாள் கழித்து அம்மா இரண்டாவது முறை கேட்டாள். மெதுவாக, அவர் மனம் நோகாமல்தான் கேட்டாள்.

"இப்பதான் மலை தெரியலையே. மாடத்தை அந்தாண்ட வெச்சிக்கலாம். அந்த வழியை உட்டுடலாமாங்க?"

அப்பா பதிலே சொல்லவில்லை. அந்தச் சுவரை இடித்தால், இத்தனை வருஷம் அவளை வீணாக நடக்கவிட்டோம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அந்த வீம்பை நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். அவரோடு சண்டை போட்டிருக்க வேண்டியவன், அவர் தானாக இறங்கி வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. கஸ்தூரி பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அப்பாவும் கூடத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பா கயிற்றை இரண்டு முறை இழுத்தார். காப்பி வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி இழுத்தார். "இன்னாதான் பண்றா உங்கம்மா?" என்று முணுமுணுத்து என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். நான் பாட்டு முடியட்டும் என்று இருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

சந்து மூலையில், கீற்று ஒழுகிப் பாசி பிடித்த இடத்தில் அம்மா விழுந்து கிடந்தாள். ஒரு கால் மடங்கியிருந்தது. தலைக்குப் போட்டிருந்த சாக்கு நனைந்து ஒரு பக்கம் கிடந்தது. டம்ளர்கள் கிணற்றடி வரை உருண்டிருந்தன. எவ்வளவு நேரம் மழையில் கிடந்தாளோ தெரியாது. நான் தூக்கப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்திப் பாத்தேன்டா, ரேடியோ போட்டிருந்தீங்க. மணி அடிச்சது கேட்டுச்சுடா. எழுந்து வரத்தான் முடியல."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இனி அவள் எழுந்து நடப்பது சந்தேகம் என்று சொல்லி அனுப்பினார்கள். கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தோம். அதற்குப் பிறகு அவள் இருந்தது ஒன்றரை வருஷம்கூட இல்லை. 1987 பங்குனியில் அந்தக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தாள். ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

அதற்கு முந்திய வருஷம் தை பிறந்த மறுவாரம், அப்பா யாரிடமும் சொல்லாமல் தருமன் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாடத்திலிருந்த சாமி படங்களைத் தானே ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். பிறகு கடப்பாரையை மேஸ்திரி கையிலிருந்து வாங்கி முதல் இடியைத் தானே இடித்தார். அறுபதைத் தொட்ட மனுஷன், நாலு இடிக்குள் மூச்சு வாங்கியது. நானும் மேஸ்திரியும் மீதியை இடித்தோம். உள்ளே போட்டிருந்தது சுண்ணாம்புக் காரைதான். செங்கல் செங்கலாக உருவிக்கொண்டு வந்தது. எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். பதினோரு மணிக்கெல்லாம் ஒரு ஆள் தாராளமாக நுழையும் வழி ஆகிவிட்டது. மூன்று மணி நேர வேலை.

தூசி படாமல் இருக்க அம்மா முகத்தின்மேல் ஒரு துணி போட்டிருந்தோம். எல்லாம் அடங்கியதும் கஸ்தூரி அதை எடுத்தாள். அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தாள். அடுப்பு தெரிந்தது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலை தெரிந்தது. அதற்கு அப்பால் அவளுடைய ஜன்னல், அதற்கும் அப்பால் தெருவில் சைக்கிளில் போகிற யாரோ. கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ கிட்டவா இருந்துச்சு சமையக்கட்டு?" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்ட அவளுக்குத் தெரியாது. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். மேஸ்திரி கரணையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. அப்பா இடிந்த செங்கல் குவியலின்மேல் உட்கார்ந்தார். தலையெல்லாம் சுண்ணாம்பு. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு நேரான பதில் சொன்னார்.

"ஆமா தங்கம். கிட்டத்தான் இருந்துச்சு."