டவர் பாறையும் மெம்பர் பாஞ்சாலையும்

பாஞ்சாலை வார்டு மெம்பர் ஆனது ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில். தோற்றவர் டீக்கடை சேட்டு. நாவமரத்தூரில் மொத்தமே நாற்பத்து மூன்று வீடு. யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். தேர்தல் முடிந்த மறுநாள், தனக்கு ஓட்டுப் போடாதவர்களுக்கெல்லாம் சேட்டு டீயில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு. பாஞ்சாலைக்கு மட்டும் குறைக்கவில்லை. "மெம்பரே, பஸ்ஸு எப்போ வரும்?" என்று தினம் கேட்பதற்கு அவள் கடையில் வந்து உட்கார வேண்டுமே!

பஸ்தான் பாஞ்சாலை கொடுத்த ஒரே வாக்குறுதி. ஜவ்வாது மலையில் நாவமரத்தூர் ஒன்றும் ஆகாயத்தில் இல்லை. தார் ரோடு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் பஸ் மட்டும் ஐந்து கிலோமீட்டருக்கு முன்னால், முக்கூட்டு ரோட்டிலேயே திரும்பிவிடும். அங்கிருந்து ஊருக்குக் காட்டுவழி நடை. பலாப்பழக் காலத்தில் கரடி ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் ஊரில் எட்டாவது முடித்த பெண்பிள்ளைகள் பலர் அத்தோடு நின்றுவிட்டார்கள். பாஞ்சாலை தன் மகள் கோகிலவாணியை நிற்கவிடவில்லை. கீழே ஆலங்காயத்தில் தங்கை கல்பனா வீட்டில் விட்டுப் படிக்கவைத்தாள். ஒன்பதும் பத்தும் அங்கேயே போயின.

மகளை அனுப்பிவிட்டாளே தவிர, மனசு அடங்கவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு டவர் பாறைக்கு ஏறுவாள். டவர் பாறையில் டவர் கிடையாது. கீழே எங்கேயோ இருக்கும் டவரின் சிக்னல் கிடைக்கும், அவ்வளவுதான். ஊரிலிருந்து இருபது நிமிட ஏற்றம். முக்கூட்டு ரோடு வரை போன் வேலை செய்யும். அதற்கப்புறம் வரும் ரெட்டை வளைவைத் தாண்டி ஊர்ப்பக்கம் வந்தால் செத்துவிடும். வெளியூரிலிருந்து யார் கூப்பிட்டாலும், "தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்" என்று அந்தப் பெண்குரல் சொல்லிவிடும். ஆகவே ஊர் முழுக்கப் பாறையில்தான் பேசும். மாமியாரைப் பற்றி அக்காவிடம் சொல்கிறவள் ஒரு மூலை, திருப்பூரில் இருக்கும் புருஷனோடு சண்டை போடுகிறவள் இன்னொரு மூலை. பாஞ்சாலைக்கு நடுப்பாறை.

"சாப்ட்டியா? இன்னா சாப்ட்ட?"

"சாப்ட்டேன்மா. சித்தி தோசை ஊத்துச்சி. நீ எப்போம்மா பஸ்ஸு கொண்டாருவ?"

இவளுமா! சேட்டு கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடலாம். பெற்ற பெண் கேட்டால் என்ன சொல்வது? பதினொன்றாம் வகுப்புக்கு மலைமேலேயே மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, பதினாறு கிலோமீட்டரில். ஜூன் மாதத்துக்குள் பஸ் ஊர் வரை வந்துவிட்டால் கோகிலவாணி வீட்டிலிருந்தே போய்வரலாம். வராவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் சித்தி வீடு. அதற்குள் பெண் வளர்ந்து, விருந்தாளிபோல வந்துபோகப் பழகிவிடுவாள்.

ஆகையால் பிப்ரவரி மாதம் ஒரு நாள், பாறையில் ஏறி, போனில் அரசாங்க மனுப் பக்கத்தைத் திறந்து, பஸ்ஸை நாவமரத்தூர் வரை நீட்டிக்கும்படி மனுப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்ததில் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் 'இருப்பிடத்தைப் பதிவு செய்க' என்று வந்தது. அமுக்கினாள். பச்சையாக ஒரு டிக் விழுந்தது. அன்றைக்கு அவளுக்கிருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! கலெக்டரே கையெழுத்துப் போட்டுவிட்டதுபோல இறங்கி வந்தாள்.

ஒரு மாதம் கழித்து மெசேஜ் வந்தது. பாறையில் நின்றபடியே படித்தாள். "கள ஆய்வு செய்யப்பட்டது. மனுவில் கண்ட இடத்தில் குடியிருப்பு ஏதும் இல்லை. மனு முடித்துவைக்கப்பட்டது."

குடியிருப்பு இல்லையா? ரேஷன் கார்டு இருக்கிறது, கரண்டு மீட்டர் இருக்கிறது, போன வாரம்கூட மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்து ஊரே வயிறு வலிக்கச் சாப்பிட்டது. வந்த அதிகாரி கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வந்தாரா? பாஞ்சாலைக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அங்கேயே உட்கார்ந்து மறுபடி மனுப் போட்டாள். இந்தத் தடவை கோயில், ஸ்கூல், தண்ணீர்த் தொட்டி, சேட்டு டீக்கடை உட்பட ஒன்று விடாமல் எழுதினாள். இருபது நாளில் அதே பதில், எழுத்துக்கூட மாறாமல்.

சேட்டுக்கு இது தெரிந்த அன்று டீக்கடையில் திருவிழாதான்.

"இல்லாத ஊருக்கு மெம்பராங்க. அப்போ நான் தோத்ததும் இல்லாத எலெக்சன்லதான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க."

பாஞ்சாலை டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். சேட்டுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வாய் நீளமே தவிர, கெட்ட மனுஷன் இல்லை.

ஏப்ரல் கடைசியில் சேட்டு ஆன்லைனில் ஒரு பெரிய பிளாஸ்க் வாங்கினார். பார்சலைப் பாறையில் போய்த்தான் வாங்க வேண்டும். பார்சல் கொண்டுவரும் ரமேஷ் பின்பக்கத்து ஜீப் தடத்தில் பைக்கில் ஏறி அங்கே வந்து நிற்பான். நாலு வருஷமாக அப்படித்தான். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. பார்சல் பாறைக்கு வரும், மழை மேலிருந்து வரும், அதுபோல.

அன்று ரமேஷ் வெயிலில் காய்ந்துபோய்க் கேட்டான். "ஏண்ணா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வூடுங்கள்லாம் எங்க கீது? மேப்ல இந்தப் பாறையத்தான ஊருன்னு காட்டுது?"

"எவன்டா காட்டுனது?"

"நீங்கதாண்ணா. நீங்க ஆர்டர் போடறப்போ எங்க நிக்கிறீங்களோ அந்த எடம் தானா ஏறிடும். உங்க ஊர்ல எல்லாரும் இங்க நின்னுதான் போடறீங்க."

சேட்டு பிளாஸ்க்கைப் பிரிக்கவில்லை. கையில் பிடித்தபடியே இறங்கினார். பாஞ்சாலை வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

"மெம்பரே, மனு எங்க நின்னு போட்ட?"

"பாறைலதான். வேற எங்க சிக்னல் கீது?"

"ரெண்டாவது?"

"அதுவும் அங்கதா—" என்று சொல்லவந்தவள் நிறுத்தினாள். கையிலிருந்த கட்டை கீழே விழுந்தது. அதிகாரி வந்திருக்கிறார், பின்பக்கத்து ஜீப் தடத்தில் நேராகப் பாறைக்குப் போயிருக்கிறார். பகல் வேளையில் ஊரே புளியங்காட்டிலும் சாமைக் கொல்லையிலும் இருக்கும். பாறையில் ஓணான்தான் இருந்திருக்கும். அங்கிருந்து பார்த்தால் மேடு மறைத்து ஊரும் தெரியாது. அந்த மனுஷன் உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார். அவரை இரண்டு மாதமாகத் திட்டித் தீர்த்ததை நினைத்ததும் பாஞ்சாலைக்குச் சிரிப்பு பீறிட்டது. சேட்டும் சிரித்தார். இருவரும் சிரித்ததைப் பார்த்து எதிர்வீட்டு முத்தம்மாள் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஊரில் நின்று மனுப் போட சிக்னல் வேண்டுமே? ஜூன் பிறக்க ஒரு மாதம்தான் இருந்தது. பாஞ்சாலை பாறைக்கு ஓடினாள். ரமேஷ் இன்னும் அங்கேதான் அடுத்த பார்சலுக்காக நின்றுகொண்டிருந்தான்.

"எடத்தக் காட்டறதுக்கு டவர் வேணாங்கக்கா," என்றான் அவன். "அது மேல சாட்டிலைட்லேர்ந்து வர்றது. ஊருக்குள்ள நின்னு போட்டோ எடுங்க, கீழயே அந்த எடத்தோட நம்பர் விழுந்துடும். எடுத்தத இங்க வந்து அனுப்புங்க." அவள் போனிலேயே அதற்கான கேமரா ஆப்பை ஏற்றியும் கொடுத்தான்.

மறுநாள் காலை ஊரே வேலைக்குப் போகவில்லை. வீடு வீடாகப் போட்டோ. ஒரு வீடும் விடக்கூடாது என்பது பாஞ்சாலையின் கட்டளை. வாசலில் வீட்டுக்காரர் நிற்க வேண்டும், கதவும் தெரிய வேண்டும். முத்தம்மாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வர முக்கால் மணி நேரம் ஆக்கினாள். "அக்கா, பொண்ணு பாக்கவா வர்றாங்க? வூடு தெரிஞ்சா போதும்," என்றாள் பாஞ்சாலை. "வூட்டுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல?" என்றாள் முத்தம்மாள். ஒருவர் மாடில்லாமல் நிற்க மாட்டேன் என்றார். சேட்டு தன் கடை போட்டோவில் புதுப் பிளாஸ்க்கை முன்னால் வைத்துக்கொண்டார். நாற்பத்து மூன்று போட்டோ. ஒவ்வொன்றின் அடியிலும் நீளமாக இரண்டு நம்பர்.

அதைப் பாறையிலிருந்து அனுப்பியதோடு பாஞ்சாலை விடவில்லை. கீழே ஆலங்காயத்தில் பிரிண்ட் போட்டு, மே ஒன்றாம் தேதி கிராம சபைக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ராஜ்குமாரும் கூட்டத்துக்கு வந்திருந்தார். நேரே அவர் எதிரில் போய்ப் போட்டோக்களை நீட்டினாள். மேடைப் பேச்செல்லாம் அவளுக்கு வராது.

"சார், தப்பு எங்களுதுதான். பாறைல நின்னு பட்டன அமுக்கிட்டேன். உங்களையும் ரொம்பத் திட்டிட்டேன், மன்னிச்சுக்குங்க. இதுல நாப்பத்து மூணு வூடு கீது. எம் பொண்ணு பத்தாவது எழுதிட்டா. பஸ்ஸு வந்தா வூட்லேர்ந்து படிப்பா. வர்லன்னா வேற வூட்ல படிப்பா. அவ்ளோதாங்க."

ராஜ்குமார் ஒவ்வொரு போட்டோவாகப் புரட்டினார். பட்டுச் சேலையிலும் பிளாஸ்க்கிலும் சற்று நின்று பார்த்தார். "அன்னிக்குப் பாறைல ஒரு ஓணான எடுத்த போட்டோ எங்கிட்ட இன்னும் இருக்கும்மா," என்றார். கூட்டம் சிரித்தது. "திங்கக்கெழம வர்றேன். இந்தத் தடவ மேப்பப் பாத்து வரல. முக்கூட்டு ரோட்ல நீங்க வந்து நில்லுங்க, கூடவே வர்றேன்."

சொன்னபடி வந்தார். அவள் முக்கூட்டு ரோட்டில் விடியற்காலையிலிருந்தே நின்றாள். அவர் ஊரைச் சுற்றிப் பார்த்தார், பஸ் திரும்ப இடம் இருக்கிறதா என்று ஸ்கூல் மைதானத்தைக் காலால் அளந்தார், முத்தம்மாள் வீட்டில் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் சாப்பிட்டார். பிறகும் ஒரு மாதம் இழுத்தது. பள்ளி திறந்து ஒரு வாரம் ஆன பிறகுதான் உத்தரவு வந்தது.

பஸ் ஊருக்குள் முதல்முதலாக வந்த காலையில் சேட்டு டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். "எங்க மெம்பர் கொண்டாந்த பஸ்ஸு," என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தார். கோகிலவாணி சீருடையில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாஞ்சாலை தன் பழைய பட்டன் போனை அவள் பையில் போட்டு அனுப்பினாள்.

அன்றைக்கென்று பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம், மலைக்கு அந்தப் பக்கம். முடியும்போது ஐந்து தாண்டிவிட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டது. குறுக்கு வழியில் ஏறி டவர் பாறைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறு. ஐந்தரை பஸ் இந்த மழையில் வந்ததோ, முக்கூட்டு ரோட்டிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டதோ? மகளின் நம்பரை அழுத்தினாள். அங்கே இறக்கிவிட்டால் தனியாக நடக்காமல் அங்கேயே நிற்கும்படி சொல்லி அனுப்பியிருந்தாள். நின்றிருந்தால் மணி அடிக்கும்.

அடிக்கவில்லை. "நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்," என்றது அந்தப் பெண்குரல்.

பாஞ்சாலை போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுதும் கேட்டாள். முடிந்ததும் இன்னொரு தடவை அழுத்தி அதையே மறுபடி கேட்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்துப் பாறையில் குடையோடு நின்றிருந்த முத்தம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாடி, கெடைக்கலயா?"

"கெடைக்கலக்கா," என்றாள் பாஞ்சாலை, முகமெல்லாம் சிரிப்பாக. "வூட்டுக்கு வந்துட்டா."