சாயம் போடாத வீட்டுப் பெண்

சாயக் கையோடு வந்த பெண்ணை நான் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தண்டித்ததாக நம் பழைய மாணவர் குழுவில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். தேய்த்தது உண்மை. தண்டனை அல்ல.

கூடத்தில் டிஞ்சர் வாசனை வந்தால் அன்று பள்ளிக்கு டாக்டர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரு மேசை, எடை மெஷின், வெந்நீரில் கிடக்கும் கரண்டிகள்… பிள்ளைகள் வரிசையாக வந்து பல், நாக்கு, நகம் காட்டுவார்கள். ஆறாம் வகுப்பு டீச்சரான எனக்கு வரிசையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கான்வென்ட்டில் படித்தவள். என் வரிசை கோணாது.

பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகள் பலருக்கு விரலெல்லாம் நீலம், சிவப்பு. பட்டு நூலுக்குச் சாயம் போடும் வீடுகள். ஒரு வருடம் புதிதாக வந்த டாக்டர், ஒரு பையனின் நீல நகத்தைப் பார்த்து இருதயக் கோளாறோ என்று பதறிவிட்டார்.

"சார், அது சாயம் சார்! எங்க அப்பா முழங்கை வரைக்கும் நீலமா இருப்பாரு!"

கூடமே சிரித்தது. அதன்பிறகு அவர் "சாயமா?" என்பார். "சாயம் சார்" என்பார்கள். அடுத்த பிள்ளை.

அடுத்த வருடம் என் வகுப்புக் காமாட்சியும் நீல நகத்தைக் காட்டி, "சாயம் சார்" என்று சொல்லி நகர்ந்தாள்.

எனக்கு உறுத்தியது. வராத பிள்ளைகளை வீடு தேடிப் போய் அழைத்து வருவது அப்போது எங்கள் வேலை. அவள் வீட்டைப் பார்த்திருக்கிறேன். அது தறி வீடு. முதலாளி தரும் நூல் சாயம் ஏறித்தான் வரும். அங்கே சாயத் தொட்டியே கிடையாது.

குழாயடிக்கு அழைத்துப்போய்த் தேய்த்தேன்.

"போதும் டீச்சர்… அது போவாது. எப்பவும் இப்படித்தான் இருக்குது."

"அப்புறம் ஏன் சாயம்னு சொன்னே?"

"எல்லாரும் அதான சொன்னாங்க."

திரும்பவும் டாக்டரிடம் நிறுத்தினேன். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. உடனே மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவள் அம்மா சம்மதிக்கவில்லை.

"நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சா நாளைக்கு இவள யாரு டீச்சர் கட்டிக்கினு போவாங்க?"

"முதல்ல அவ உயிரோட இருக்கட்டும்மா. மாப்பிள்ளைய நான் பாக்கறேன்."

உடன் வந்திருந்த என் கணவர் (இன்று அவர் இல்லை) மெதுவாகச் சொன்னார்: "இவ சொன்னா செஞ்சிடுவாம்மா. என்னையே பாரு, எதுத்துப் பேச முடியுதா?"

அந்த அம்மா அழுகையோடு சிரித்துவிட்டாள். மறுநாள் நால்வரும் மெட்ராஸ் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம்.

ஆபரேஷன் ஆயிற்று. காமாட்சி பிழைத்தாள். மாப்பிள்ளையை அவளே பார்த்துக்கொண்டாள். இப்போது வாலாஜாபாத்தில் இருக்கிறாள், பேரன் எடுத்துவிட்டாள். எனக்கு அதில் பெருமை உண்டு… மறைக்க மாட்டேன்.

இப்போது வேனில் வருகிறார்கள். டாக்டர், நர்ஸ், விதவிதமான மெஷின்கள். நல்லதுதான். அன்று இவ்வளவு வசதி இல்லையே என்று ஏங்கியதுண்டு. ஆனாலும் பிள்ளை சொல்லும் பதில் சரிதானா என்று சொல்ல, அந்த வீட்டை அறிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இந்தக் குழுவில் ஆசிரியர்களாக இருப்பவர்களைக் கேட்கிறேன். உங்கள் வகுப்புப் பிள்ளைகளில் யார் யார் வீட்டுக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள்? கைகூப்பும் படம் வேண்டாம். எழுதிப் பதில் அனுப்புங்கள்.