மூன்று பிக்கப்பும் என் மனைவியும்

கல்யாணமான மறுவருஷம் எங்கள் முதல் பிக்கப்பை வாங்கினோம். பழைய வண்டிதான். முன்பு வைத்திருந்தவர் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் மூட்டை ஏற்றியவர். எத்தனை முறை கழுவினாலும் கதவு இடுக்கிலிருந்து சாம்பல் தூசி கொட்டிக்கொண்டே இருந்தது. வட்ட விளக்கு, சப்பையான முகம், முன்னால் ஒரே நீளச் சீட்டு. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சின்ன வெங்காயத்தை ஏற்றித் திருச்சி மார்க்கெட்டில் இறக்குவது என் தொழில். லாரி போக முடியாத தோட்டத்து வழியிலும் பிக்கப் போகும். குட்டியானை வேனைவிடக் கூடுதலாகச் சுமக்கும்.

மனைவி எனக்கு அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் சும்மா இருக்க அவளுக்கு வராது. நான் கிளம்பினால் அவளும் ஏறிக்கொள்வாள். அந்த நீளச் சீட்டில் என்னை ஒட்டித்தான் உட்காருவாள். கியர் போடும்போதெல்லாம் கம்பி அவள் முழங்காலில் இடிக்கும்.

"அந்தப் பக்கம் தள்ளி ஒக்காரேன் புள்ள."

"சன்னல்ட்ட காத்து மூஞ்சில அடிக்குது மாமா."

சன்னலோரம் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகவே கிடக்கும்.

கோடையில் வற்றிய ஏரிக்குள் அந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். குள்ளமானவள். சாக்கை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்தால்தான் கிளட்ச்சுக்குக் கால் எட்டும். ஸ்டியரிங்கோ கல். நின்ற இடத்தில் திருப்புவதென்றால் அதைப் பிடித்துத் தொங்க வேண்டும். "இது வண்டியா மாமா, செக்கா?" என்று கேட்டாள். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். வண்டி ஆஃப் ஆகி ஏரி நடுவில் நின்றுபோனது.

சில வருஷம் கழித்து அதே வண்டியில் அடுத்த மாடல் வந்தது. பழையதைக் கொடுத்துவிட்டு அதை எடுத்தோம். சதுர விளக்கு. பின்தொட்டி இன்னும் நீளம். ஐந்தாவது கியர் இருந்ததால் நெடுஞ்சாலையில் இஞ்சின் கதறாமல் ஓடியது. முன்னால் தனித்தனிச் சீட்டாக்கிவிட்டார்கள். அவளுக்கு அது பிடிக்கவேயில்லை. "நடுவுல இவ்ளோ எடத்த வுட்டு எதுக்கு?" என்று முதல்நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ள முடிந்தது. சாக்கு மடிக்கும் வேலை ஒழிந்தது. லைசென்ஸ் எடுத்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் அவளே லோடு கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவாள். எங்களுக்குப் பிள்ளையில்லை. அதைப் பற்றிக் கேட்கிறவர்களிடம், "ஒன்னுதான் வாசல்ல நிக்குதே, தெனம் டீசல் குடிக்குது" என்று வண்டியைக் காட்டுவாள்.

அந்த விஷயத்தையும் அவள் வண்டி ஓட்டிக்கொண்டேதான் சொன்னாள். பாடாலூர் தாண்டியிருந்தோம். பார்வையைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

"மாமா, மார்ல ஒரு கட்டி இருக்கு. வலிக்கல. ஆனா கரைய மாட்டேங்குது."

ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"லோட எறக்கிட்டுப் பேசிக்கலாம்" என்றாள்.

திருச்சி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. வலது மார்பை எடுத்துவிட்டார்கள். முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நம்பினோம். ஆனால் வலது கை மட்டும் வீங்கிக்கொண்டது. அந்தக் கைக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கேட்டால்தானே. ஒருநாள் தோட்டத்து வழியில் நான் வேண்டாம் என்று சொல்லியும் வண்டியைத் திருப்ப உட்கார்ந்தாள். பாதி திருப்பியதும் ஸ்டியரிங் அவள் கையை மீறிப் பழைய இடத்துக்கே ஓடியது. இறங்கி டயரில் சாய்ந்து நின்றாள்.

"என்னால முடியல மாமா."

அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

அதற்குள் மூன்றாவது மாடல் வந்திருந்தது. பெரம்பலூர் ஷோரூமுக்கு அவளைக் கூட்டிப்போனேன். ஏசி, தொடுதிரை, எவ்வளவு பாரம் தாங்கும் என்றெல்லாம் விற்பனைக்காரர் சொல்லிக்கொண்டே போனார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஸ்டியரிங்க ஒத்தக் கையால திருப்ப முடியுமா சார்?"

"பவர் ஸ்டியரிங்மா. ஒக்காந்து பாருங்க." ஸ்டார்ட் செய்து கொடுத்தார்.

இடது கையால் சுற்றினாள். நின்ற இடத்திலேயே சக்கரம் முழுசாகத் திரும்பியது. மறுபக்கம் சுற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை.

ஒரே ஒரு வெங்காயப் பருவம் அதை ஓட்டினாள். லோடு இல்லாத நாளில் திருமழபாடிக்கு அழைத்துப்போனாள். கொள்ளிடத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கட்டுச்சோறு சாப்பிட்டோம். "இந்த வண்டிய மாத்தவே கூடாது மாமா" என்றாள்.

பிறகு இடுப்பு வலி என்றாள். எலும்புக்குப் பரவியிருந்தது.

புது வண்டி முந்தைய இரண்டையும்விட உயரம். அவளால் கால் தூக்கி வைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில்தான் போய்வந்தோம். பிக்கப், அவள் கடைசியாக நிறுத்திய வேப்பமரத்தடியிலேயே நின்றது. ஒரு சாயங்காலம் கட்டிலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரு தடவ ஏத்தி வுடு மாமா. சும்மா ஒக்காந்துட்டு எறங்கிடறேன்."

தூக்கினேன். தினமும் மூட்டை தூக்குகிறவன் நான். எந்த மூட்டையும் அவ்வளவு லேசாக இருந்ததில்லை. டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். சாவி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போதும்" என்றாள்.

தை மாதம் ஒரு காலையில் போய்விட்டாள்.

பல மாதம் வண்டியை நான் தொடவில்லை. பேட்டரி செத்துப்போனது. வெங்காயம் பிடுங்க ஆரம்பித்ததும் தோட்டக்காரர்கள் போன் செய்தார்கள். அரியலூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்துப் பேட்டரியை மாற்றினேன். கதவைத் திறந்து ஏறப்போனால் என்னால் உட்காரவே முடியவில்லை. முழங்கால் இரண்டும் இடித்தன. சீட்டு அவள் இழுத்து வைத்த இடத்திலேயே இருந்தது.

"அடியில லீவர் இருக்குண்ணே, பின்னால தள்ளிக்கங்க" என்றார் மெக்கானிக்.

"தெரியும்" என்று இறங்கிவிட்டேன். அவர் புரிந்துகொண்டார் போல. பணத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் விடிந்ததும் தனியாகப் போய்ச் சீட்டைத் தள்ளினேன். லீவரை ஒரு இழுப்பு, அவ்வளவுதான். தள்ளிவிட்டு, வண்டிப் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றே லோடு ஏற்றிப் போனேன். மார்க்கெட் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரியும்.

"அது வரலையா?"

"வூட்ல இருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"கை எப்டி இருக்கு? இதக் குடு, அதுக்குப் புடிக்கும்" என்று இரண்டு வடையைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த லோடுக்குப் போனபோதுதான் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

"வடைய ஏன்யா வாங்கிட்டுப் போன?" என்றார். "அப்பயே சொல்லிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்கு அது தின்னுருக்கும்னு நெனச்சுகிட்டு இருந்தேனே." திட்டித் திட்டி அழுதார். அத்தனை சுமைக்காரர்கள் நடுவில், அவள் போன பிறகு முதல் தடவையாக, நானும் அழுதேன்.