அவரைக்கொடி ஆகாத வீடு

எங்கள் வீட்டில் அவரைக்கொடி போடக் கூடாது. கடையில் வாங்கிப் பொரியல் செய்து வெளுத்துக்கட்டலாம். தோட்டத்தில் விதை ஊன்றினால் மட்டும் வம்சத்துக்கு ஆகாது. ஏன் என்று அப்பாவுக்கும் தெரியாது. அவர் பிறந்ததே மலேசியாவில், கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து கப்பலேறிய கொள்ளுத்தாத்தா எங்களுக்கு விட்டுப்போனவை இந்தத் தடையும், ஆடி ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வழக்கமும்தான். அப்படியே ஊர்ப் பெயரையும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் மனிதர்.

மலேசியாவிலிருந்து சென்னை அம்பத்தூருக்கு எனக்கு வேலை மாற்றலானபோது அப்பா ஒன்றுதான் கேட்டார். நம் அம்மனைக் கண்டுபிடித்து, அவள் வாசலில் ஒரு தடவையாவது கூழ் ஊற்றிவிடு என்றார். விடுமுறை நாட்களில் வானகரம், வேலப்பன்சாவடி என்று கோயில் கோயிலாக விசாரித்தேன். எல்லோரும் என்னையே திருப்பிக் கேட்டார்கள், "எந்த வகையறா?" என்று. அது தெரிந்தால் நான் ஏன் ஐயா வெயிலில் அலைகிறேன்!

கடைசியில் சலித்துப்போய், எந்த அம்மனானாலும் அம்மன்தானே என்று நூம்பலில் ஒரு சின்னக் கோயிலைத் தேர்ந்துகொண்டேன். அப்பா போனில் சொல்லச் சொல்லக் கிண்டிய கேழ்வரகுக் கூழைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஆடி ஞாயிறு காலையில் போனேன். எதிரே தண்ணீர் கேன் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"மலேசியாவா சார்? நல்லா ஊத்துங்க. ஊரே ஊத்திகினு கீது."

"நீங்க போகலையா?"

"எங்களுக்குத் தீட்டு சார். பங்காளி ஒருத்தரு பூட்டாரு. காரியம் முடியற வரிக்கும் எங்க வகையறா எவனும் படியேறக் கூடாது. நீங்க இன்னா வகையறா?"

"அவரைக்கொடி ஆகாத வகையறா" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் படியில் கால் வைத்தேன்.

அந்த வயதிலும் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். "நில்லு. உள்ள போவாத. எங்க ஊட்லயும் அவரை ஆவாது."

அவர் பேச்சிலிருந்த 'சார்' எங்கோ போய்விட்டது. எனக்கோ ஆயிரம் சந்தேகம். "வேற வகையறாவுக்கும் ஆகாம இருக்கலாமே?"

"இருக்கலாம். அது உன் இஷ்டம். ஆனா நீ பங்காளியா இருந்து உள்ள போய்ட்டீன்னா?"

வேற்று ஆளாக இருந்தால் அப்பாவின் ஆசை இரண்டே நிமிடத்தில் நிறைவேறிவிடும். பங்காளியாக இருந்தால் வாசலோடு சரி. உள்ளே கூட்டம் குலவையிட்டது. நான் வாளியைக் கீழே வைத்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் தடுக்கப்பட்டதில்லை. பெரியவர் கடைக்குள்ளிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே அவரும் கூழ்ப்பானைக்கு மஞ்சள் பூசி வைத்துவிட்டு, நான் முதலில் ஊற்றட்டும் என்று காத்திருந்தார்.

"ஊத்திட்டியா?"

"இல்லப்பா. இங்க பங்காளி ஒருத்தர் செத்துட்டாராம். நமக்குத் தீட்டாம்."

செத்தவர் யார், நிச்சயம்தானா என்றெல்லாம் கேட்பார் என்று பயந்தேன். அப்பா எதுவும் கேட்கவில்லை. "விளக்கேத்தாதே" என்று உள்ளே அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"போனை வைப்பா. நான் போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிறேன்."