பவுன் அக்கா போட்ட எட்டு நாள் சட்டம்

மராத்திக்காரர் ஊரான போபோடியில், ஸ்டேஷன் ரோட்டு வேப்பமரத்து நிழலில், இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இட்லி விற்கிறாள் பவுன் அக்கா. பார்த்தால் பாவமாக இருக்கிறது, கோபமும் வருகிறது. பக்கத்தில் தேங்காய் விற்கிறவன் நான். பத்து வருஷமாக அந்த அம்மாள் பேச்சைக் கேட்டும் என் காது செவிடாகாதது அதிசயம்தான்.

அந்த இடம் முதலில் பழம் விற்கும் மும்தாஜுடையது. அவள் பிரசவத்துக்கு ஆம்பூர் போனாள். ஒன்பதாம் நாள் பவுன் அக்கா தன் அடுப்பை அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டாள். மும்தாஜின் புருஷன் ஓடி வந்து, அவள் திரும்பும்வரை தான் உட்காருவதாகச் சொன்னான்.

“அதெல்லாம் செல்லாது. எட்டு நாள் எடம் காலியா கெடந்தா வந்தவங்களுக்குத்தான். விக்கிறவங்களே உக்காரணும், ஆள் வைக்கக் கூடாது” என்றாள் அக்கா.

எந்த சர்க்காரும் போட்ட சட்டமில்லை, அந்த நிமிஷம் அவள் வாயில் வந்தது. நமக்கு வம்பில்லை என்று நாங்களும் தலையாட்டினோம். அதுவே ஊன்றிவிட்டது. கீரைக்காரர் இடம் போயிற்று, செருப்புக்காரர் இடம் போயிற்று, எல்லாருக்கும் எட்டு நாள்தான். சண்டை முற்றிப் போலீஸ் சௌகிக்குப் போனால் ஹவல்தாரும் மராத்தியில், எட்டு நாள் ஆயிற்றா என்றுதான் கேட்பார்.

போன மாதம் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்து ஒரு மாதம் படுத்திருக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். புருஷன் இல்லாத அவளுக்கு அந்த அடுப்பை விட்டால் சோறு கிடையாது.

“எனக்கு மட்டும் விட்டுக் குடுங்களேன். மக பானு வந்து உக்காருவா” என்று எங்களிடம் கெஞ்சினாள்.

எல்லாரும் ரோட்டைத் தாண்டிப் பார்த்தோம். இடம் போனதிலிருந்து எதிர்ப்பக்கம் வெயிலில்தான் மும்தாஜ் உட்கார்ந்திருந்தாள். தவிர, கீரைக்காரர் இடத்தை அதே எட்டு நாள் கணக்கில் பிடித்தவன் நான்; அக்காவுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு அவர் வந்து கேட்டால் என் இடம் என்ன ஆகும்? சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன்.

“மும்தாஜ் சரின்னா எங்களுக்கும் சரிக்கா” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அக்கா ரோட்டைத் தாண்டினாள், நானும் கூடப் போனேன். மும்தாஜ் எழுந்து தன் ஸ்டூலைப் போட்டாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“மொதல்ல ஒடம்பப் பாருங்கக்கா. எந்திரிச்சு வந்ததும் இந்த எடத்துல உக்காந்துக்குங்க” என்றாள். “ஒம்பதாம் நாள் நான் அங்க போயிருப்பேன்.”