காலில்லாத காக்கா

சென்ற வாரம் ஆபீஸ் லிஃப்டில் பக்கத்து செக்‌ஷன்காரர் என் முன்கையை உற்றுப் பார்த்தார். மூன்றாவது மாடி வரை யோசித்துவிட்டு, "தாதா, இந்தக் காக்காவுக்குக் கால் எங்கே?" என்று வங்க மொழியில் கேட்டார். தாதா என்றால் இங்கே அண்ணன்.

பறந்துகொண்டிருக்கிறது என்றேன். ஐந்தாவது மாடியில் இறங்கும்போது, "இறக்கை மூடியிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊரில் படம் சம்பந்தமாகப் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஐம்பத்தாறு வயதில் பச்சை குத்திக்கொண்டதே வேடிக்கை. அதிலும் காலில்லாத காக்காவா? சொல்கிறேன்.

என் மனைவி சுகந்தி இருபத்திரண்டு வருடம் ஸ்கூலில் டிராயிங் டீச்சர். போன வருடம் வேலையை விட்டாள். வேலையை விட்டவர்கள் என்ன செய்வார்கள்? கோயில், யோகா, சீரியல்... சுகந்தி ஜாதவ்பூரில் ஒரு டாட்டூ ஸ்டூடியோவில் போய்ச் சேர்ந்தாள். குத்திக்கொள்ள அல்ல, குத்தக் கற்றுக்கொள்ள.

கற்றுத்தரும் மௌமிதாவுக்கு வயது இருபத்தாறு. அவள் சுகந்தியை மாஷி, அதாவது சித்தி என்று கூப்பிடுகிறாள். சுகந்தி அவளை தீதீ, அதாவது அக்கா என்கிறாள். கற்றுத்தருபவர் என்ன வயதானாலும் அக்காதான் – அந்த ஸ்டூடியோவின் வழக்கம் அது. நான் மேஷோ, சித்தப்பா. இந்த உறவுமுறையை உட்கார்ந்து யோசித்தால் தலை சுற்றும். நான் யோசிப்பதில்லை.

முதல் மூன்று மாதம் மெஷினைத் தொடவே விடவில்லை. தரை துடைப்பது, நாற்காலிக்கு பிளாஸ்டிக் சுற்றுவது, பழைய ஊசிகளைத் தனி டப்பாவில் போட்டு மூடுவது – இவ்வளவுதான் பாடம். பிறகு எட்டு மாதம் ரப்பர் மாதிரி ஒரு செயற்கைத் தோல். எங்கள் டைனிங் டேபிளில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அதற்கு நிரந்தர இடம். அதற்கும் பிறகு சொந்தத் தொடை. ஒரு சின்ன இலை போட்டுக்கொண்டாள். அழகாக வந்தது. அதற்கு நான் ஒருவன்தான் சாட்சி.

கடைசிப் பரீட்சை இன்னொருவர் தோல். அதில் ஒரு படம் சுத்தமாக வந்தால், துர்கா பூஜைக்கு முன்னால் பச்சை குத்திக்கொள்ள வரும் கூட்டத்துக்கு சுகந்திக்கென்று தனி நாற்காலி. வராவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மௌமிதா சொல்லிவிட்டாள்.

தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டாள். அப்பளம் வாங்கும் தமிழ்க் கடைக்காரரைக்கூட விடவில்லை. படம் பிரமாதம் என்றார்கள். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் என்னிடம் வந்தாள். சரி என்றேன். அது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

படம், எங்கள் சமையலறை ஜன்னலுக்குத் தினமும் சோற்றுக்கு வரும் காக்கா. அச்சுத்தாளிலிருந்து ஊதா நிறத்தில் என் கையில் இறங்கியது. இனி அந்தக் கோட்டின் மேலேயே ஊசியை ஓட்ட வேண்டியதுதான்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊசி ஓட ஓட மை வழியும், துடைத்துக்கொண்டே போக வேண்டும். வலது கைக்காரர்கள் கீழே வலது ஓரத்தில் ஆரம்பித்து மேலே போனால், துடைக்கிற கை பாக்கிப் படத்தை அழிக்காது. எட்டு மாதமும் சுகந்தி அப்படித்தான் போட்டாள். ஆனால் என் கையைப் பிடித்ததும் பதற்றத்தில் பழைய டீச்சர் திரும்பி வந்துவிட்டாள். கரும்பலகையில் ஆரம்பிப்பது போல மேலே இடது ஓரத்தில் ஆரம்பித்தாள். அலகு வந்தது, தலை வந்தது, முதுகு, வால்... கால்களுக்கு வந்தபோது கால்கள் இல்லை. துடைத்த துணியில் இருந்தன.

முதலில் நான்தான் பேசினேன். "மௌமிதா, மீதியை நீயே முடிச்சிடேன்மா."

சுகந்தி மெஷினைக் கீழே வைத்தாள். கையுறையைக் கழற்றினாள்.

"முடியாது மேஷோ" என்றாள் மௌமிதா. "ஒருத்தர் ஆரம்பிச்ச கோட்டை இங்க இன்னொருத்தர் தொடமாட்டோம். ஒரு மாசம் ஆறட்டும். அப்புறம் மாஷி முடிக்கலாம். வேண்டாம்னா அப்படியே விட்டுடலாம். கை உங்களோடது."

டாக்ஸியில் சுகந்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வலிச்சுதா?"

இல்லை என்றேன்.

"பின்ன ஏன் அவளைக் கூப்பிட்டீங்க?"

வெட்கமாக இருந்தது. முன்பொரு முறை எனக்கு ஆபரேஷன் நடந்தபோது சம்மதம் கேட்டு நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டவள் இவள். அன்று நிம்மதியாகக் கண்ணை மூடினேன். நான்கு விரல் அகலத் தோலுக்கு மட்டும் வேறு ஆள் தேடியிருக்கிறேன்.

அந்த மாதம் முழுக்க அவள் என் கையைக் கேட்கவில்லை. செயற்கைத் தோலில் காக்காக் கால்கள் மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பில்லாத நாற்பது, ஐம்பது ஜோடிக் கால்கள். நான் சாப்பிடும்போது தட்டைச் சுற்றி நடந்தன.

இந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவளோடு கிளம்பினேன். ஸ்டூடியோவில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டேன். மௌமிதா என்னைப் பார்த்தாள். நான் சுகந்தியைக் காட்டினேன்.

கீழே வலது ஓரத்தில், ஒரு நகத்திலிருந்து ஆரம்பித்தாள். இருபது நிமிடம். இந்த முறை வலித்தது. சொல்லவில்லை. மௌமிதா டார்ச் அடித்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த காலி நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். சுகந்தி எழுந்து போய் அதற்கு பிளாஸ்டிக் சுற்ற ஆரம்பித்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. 

திரும்பி வரும்போதுதான் கேட்டேன். இத்தனை படம் இருக்கக் காக்கா எதற்கு?

"நம்ம ஜன்னலுக்கு வருதே, அது, நாம கையில சோத்தை நீட்டினா உடனே வாங்காது. ஒரு தடவை பறந்து போயிடும். அப்புறம் அதுவே திரும்பி வரும். உங்களை மாதிரியே இருக்கேன்னு வரைஞ்சேன்."

கோபத்தில் சொல்கிறாள் என்று சமாதானம் செய்துகொள்ளலாம்தான். ஆனால் அவள் அந்தப் படத்தை வரைந்தது, நான் பறப்பதற்கு மூன்று மாதம் முன்பு.