பிளக்கைக் காத்த படலம்: நெய்வேலியில் ஒரு பகல்

மகாஜனங்களே! இந்த வலைப்பூவின் ஏகசக்கரவர்த்தியாகிய நான், போன மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நெய்வேலி மீது படையெடுத்தேன். காரணம், என் அக்கா மகள் தேன்மொழி. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. அன்று அவள் வகுப்பில் எல்லா அணிகளும் தாங்கள் செய்த இயந்திரத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். ஜெயிக்கும் ஒரே அணிக்கு அடுத்த செமஸ்டர் முழுக்க ஒரு பெரிய கன்வேயர் பட்டறையில் பயிற்சி. மற்றவர்கள் கல்லூரிக்குள்ளேயே புராஜெக்ட் செய்ய வேண்டியதுதான். "செய்ய" என்றா சொன்னேன்? காசு கொடுத்தால் ரெடிமேடாகச் செய்து பைண்டிங்கும் போட்டுக் கொடுக்க ஊருக்கு ஊர் கடை இருக்கிறது. "அந்தக் கடை வாசல்ல மட்டும் நிக்க மாட்டேன் மாமா" என்று போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். அத்தானுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், அக்காவுக்குப் பள்ளியில் தேர்வு மேற்பார்வை. வீட்டிலிருந்து ஒருவர் வந்து பார்க்கலாம் என்று கல்லூரி சொல்லியிருந்தது. அந்த ஒருவர் நான்.

கிளாம்பாக்கத்தில் காலை ஐந்து மணிக்குப் பேருந்து. டிக்கெட் நூற்றுத் தொண்ணூறு ரூபாய். விக்கிரவாண்டி இட்லியைப் பற்றி எழுதினால் வழக்கு வரும் என்பதால் தாண்டிப் போகிறேன். பண்ருட்டியில் ஒரு பலாப்பழத்தைப் பார்த்தேன். அதற்குக் கதவும் ஜன்னலும் வைத்தால் நடுத்தரக் குடும்பம் குடியிருக்கலாம். பத்தே காலுக்கு நெய்வேலி. வெயில் அப்போதே என் வழுக்கையில் அப்பளம் பொரிக்கத் தொடங்கிவிட்டது. இத்தனைக்கும் டவுன்ஷிப் முழுக்க மரங்கள்.

கல்லூரிக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். ஓட்டுநர் என் வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணத்துக்கா சார்?"

"மெஷின் பார்க்க. எங்க அக்கா பொண்ணு செஞ்சது."

"மெஷினா? மைன்ஸ்ல மலை மாதிரி ஒண்ணு எங்க நெலத்தையே தோண்டிகினு இருக்குதே, அதப் பாருங்க." சிரித்தபடியேதான் சொன்னார். "கம்மாபுரம் பக்கங்க நானு. நெலம் போச்சு, ஆட்டோ ஓட்டிகினு இருக்கேன்."

இறங்கும்போது பேரம் பேசாமல் கேட்ட காசைக் கொடுத்தேன். என் வரலாற்றில் அது ஒரு சாதனை.

இனி இயந்திரம். சுரங்கத்தில் வெட்டிய மண் கன்வேயர் பெல்ட்டில் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஈரக் களிமண் என்றால் கொட்டிய பிறகும் பெல்ட்டை விடாது. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்கும். தேன்மொழியும் அவள் கூட்டாளி விக்னேஷும் அதைச் சுரண்டி எடுக்க ஒரு தகடு செய்திருந்தார்கள். ஸ்பிரிங் அந்தத் தகட்டை எப்போதும் பெல்ட்டோடு அழுத்திப் பிடிக்கும். ஒரு மேஜை நீளத்துக்குச் சின்ன கன்வேயர், ஒரு மோட்டார், ஒரு பக்கெட் களிமண். முந்தின நாள் வரை வெண்ணெய் வழிப்பதுபோல வழித்ததாம்.

நான் உள்ளே நுழைந்தபோது இயந்திரம் வெள்ளி வண்ணத்தில் தகதகவென்று மின்னியது. தேன்மொழியின் முகமோ களிமண் நிறத்தில் இருந்தது.

"ஏன்டா பெயின்ட் அடிச்ச?"

"ஆபீசர் வர்றாங்கல்ல?" என்றான் விக்னேஷ். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பெரியவர் யாராவது வருகிறார் என்றால் நடைபாதைக் கல் முதல் மரத்தின் முழங்கால் வரை வண்ணம் பூசுவதைப் பார்த்தே வளர்ந்தவன். இரவோடு இரவாக ஸ்பிரிங்குக்கும் தகட்டின் கீலுக்கும் சேர்த்துப் பூசிவிட்டான்.

மோட்டாரைப் போட்டார்கள். தகடு அசையவில்லை, பெயின்ட் காய்ந்து கீல் இறுகிவிட்டது. களிமண் பெல்ட்டின் அடிப்பக்கமாகவே ஊர்வலம் வந்து, பயிற்சி தரும் பட்டறையிலிருந்து பார்க்க வந்திருந்த பொறியாளரின் ஷூ மேல் தொப்பென்று விழுந்தது. ஒரு பெரிய கட்டி பறந்து வந்து என் சட்டையில் உட்கார்ந்தது. விக்னேஷ் பதறிப்போய், ஓடும் பெல்ட்டுக்கு அடியில் கையை நீட்டினான்.

"கைய எடுடா!"

தேன்மொழி போட்ட அந்தக் கத்தலில் கடலூர்க் கடல் இரண்டடி பின்வாங்கியிருக்கும். அவளே ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கி, வயரோடு இழுத்து வந்து என் கையில் திணித்தாள். "மாமா, நானா கேட்டாத்தான் தரணும். வேற யாரு கேட்டாலும் கிடையாது." சொல்லிவிட்டு, கீலில் இறுகிய பெயின்ட்டைத் தேய்த்தெடுக்க உப்புத்தாளோடு இயந்திரத்துக்கு அடியில் தலையை விட்டாள்.

செங்கோல் ஏந்திய மன்னன் போல நின்றேன். முதலில் பேராசிரியர் வந்தார். "சார், அடுத்த டீம் வெயிட்டிங். பிளக்கைக் குடுங்க, ஓடுதான்னு பார்த்துடலாம்."

"மன்னிக்கணும். உத்தரவு இல்லை."

"நான்தாங்க அவளுக்கு மார்க் போடறவன்!"

என் பிடிவாதத்தால் அவளுக்குப் பயிற்சி போய்விட்டால், அக்கா என்னைப் பண்ருட்டிப் பலாவைப் போல உரித்துவிடுவாள். ஆனால் தேன்மொழியின் விரல்கள் இன்னும் உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இருந்தன. வயரை என் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

அடுத்து பொறியாளரே கையை நீட்டினார். "எங்கிட்டயாவது குடுப்பீங்களா?"

"ஜனாதிபதியே வந்தாலும், முதல்ல அவ கையை வெளியே எடுக்கணும் சார்."

அவர் ஷூவைத் துடைத்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் தேன்மொழி வெளியே வந்து, இரண்டு கையையும் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். "இப்ப குடுங்க மாமா." மோட்டார் ஓடியது. தகடு வழித்த களிமண் சுருள் சுருளாகத் தொட்டியில் விழுந்தது. கைதட்டியவர்களில் நான் ஒருவனே ஆயிரம் பேருக்குச் சமம்.

"பிளக்கை இன்னொருத்தர்கிட்ட குடுக்கணும்னு யாரும்மா சொன்னா?" என்று கேட்டார் பொறியாளர்.

"மைன்ஸ் டிரெய்னிங்ல சார். ரிப்பேர் பண்றவங்க பேர் போட்ட பூட்டை சுவிட்ச்சுல மாட்டுவாங்க. சாவி அவங்க பாக்கெட்ல இருக்கும், வேற யாரும் மெஷினைப் போட முடியாது. இங்க பூட்டு இல்ல. மாமாதான் இருந்தாரு."

மாலை முடிவு சொன்னார்கள். இடம் தேன்மொழிக்கும் விக்னேஷுக்கும்தான். "தகடு வேற டீமும் செய்வாங்க. இந்தப் பொண்ணை நம்பி நான் பெல்ட்டுக்கு அடியில ஆள் அனுப்பலாம்" என்றார் பொறியாளர். பிறகு விக்னேஷைப் பார்த்து, "தம்பி, நீ வரலாம். பிரஷ் வரக்கூடாது."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சுரங்கத்தை நேரில் பார்க்க முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில் நான் செய்ததுபோலச் சுரங்க வாசலில் வீரவசனம் பேசிப் பயனில்லை. மார்ச்சிலேயே தண்ணீர், தொப்பி அவசியம். கல்லூரியில் சேர்க்க ஊர் ஊராக அலையும் பெற்றோர்களே, கட்டடத்தை அப்புறம் பாருங்கள். முதலில் பட்டறைக்குப் போய், பிள்ளைகளின் நகத்தில் கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

முக்கியமாக, வெள்ளைச் சட்டை வேண்டாம். திரும்பும்போதும் காலையில் வந்த அதே ஆட்டோ கிடைத்தது. பயிற்சி கிடைத்த செய்தியைச் சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் சட்டையைத் தேய்த்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"வுடுங்க சார், தேய்க்காதீங்க. அது எங்க ஊரு மண்ணு. அவ்ளோ சுளுவா போவாது."

வீட்டில் சட்டையை இதுவரை நாலு முறை துவைத்துவிட்டார்கள். அவர் சொன்னதுதான் சரி.